தி ராப்ச்சரின் ‘எக்கோஸ்’: எதிர்பார்ப்பும் வரவேற்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘எக்கோஸ்’ எந்த ஆல்பம்? யாருடையது?

நியூயார்க்கைச் சேர்ந்த தி ராப்ச்சர் இசைக்குழு 2003-இல் வெளியிட்ட 11 பாடல்கள் கொண்ட ஆல்பம். பிரிட்டனில் செப்டம்பரிலும் அமெரிக்காவில் அக்டோபரிலும் கடைக்கு வந்தது. குழுவில் நான்கு பேர். லூக் ஜென்னர் பாட்டும் கிடாரும். வீட்டோ ரோக்கோஃபோர்ட்டே டிரம்ஸ். மேட்டி சேஃபர் பேஸ் கிடாரும் (கீழ்ஸ்தாயிக் கிடார்) பாட்டும். கேப்ரியல் ஆன்ட்ரூஸி சாக்ஸஃபோன், கீபோர்டு, தாளக் கருவிகள். தயாரிப்பாளர்கள் டி.எஃப்.ஏ. என்ற பெயரில் இணைந்து வேலை செய்த ஜேம்ஸ் மர்ஃபியும் டிம் கோல்ட்ஸ்வொர்தியும்.

டான்ஸ்-பங்க் என்றால் என்ன? கேட்டால் எப்படி அடையாளம் தெரியும்?

பங்க் இசையின் கரடுமுரடான கிடாரும் கத்தலும் மேலே. டிஸ்கோ, ஹவுஸ் (மின்னணு நடன இசையில் ஒரு வகை) இசையின் நேரான தாளம் கீழே. நான்கு இடங்களைக் கவனித்தால் போதும்.

கிக் டிரம் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) ஒவ்வொரு அடிக்கும் விழும்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, எதையும் விடாமல். இரண்டு கிக்குகளுக்கு நடுவே ஹை-ஹேட் (ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு உலோகத் தட்டுகள்) திறந்து ‘ச்ஸ்’ என்று மூச்சுவிடும். பேஸ் பின்னணியில் ஒதுங்கி நிற்காது; பாட்டின் மெட்டையே பல இடங்களில் அதுதான் சுமக்கும். கிடார் நீண்ட ஸ்வரங்களைப் பிடித்து நிற்பதில்லை. தகரத்தைச் சுரண்டுவதுபோலக் குறுக்கே வெட்டிவிட்டுப் போகும். வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 115 முதல் 135 அடிகளுக்குள் இருக்கும். டிஜேக்கள் இந்தப் பாடல்களை ஹவுஸ் பாடல்களோடு ஒட்டிப் போட முடிந்ததற்கு இதுதான் காரணம்.

ஒரே ஒரு பாட்டுக்கு அப்படி என்ன ஆரவாரம்?

ஆல்பத்துக்கு முன்பே பேசப்பட்ட அந்தப் பாட்டு ‘ஹவுஸ் ஆஃப் ஜெலஸ் லவ்வர்ஸ்’. 2002-இல் இந்தத் தயாரிப்பாளர்களின் டி.எஃப்.ஏ. இசைநிறுவனத்தின் தொடக்ககால வெளியீடுகளில் ஒன்றாக, 12 அங்குல இசைத்தட்டாக வந்தது. தட்டின் அளவே ஒரு செய்தி. ராக் குழுக்கள் தனிப்பாடலை 7 அங்குலத் தட்டில் விடுவதுதான் வழக்கம். 12 அங்குலம் டிஜேக்களுக்கானது: பள்ளங்கள் அகலமாக இருக்கும், கீழ்ஸ்தாயி ஒலியைக் கனமாகப் பதிய இடம் கிடைக்கும். கூடவே மின்னணு இசைத் தயாரிப்பாளர் மார்கன் கைஸ்ட் செய்த மறுகலவையும் (ரீமிக்ஸ்) இருந்தது. ராக் குழுவின் பாட்டு நடனக்கூடத்தின் வழியாக ஊருக்குள் வந்தது.

இரண்டாவது காரணம், அன்றைய நியூயார்க். அங்கே 1926-இலிருந்து ‘கேபரே சட்டம்’ என்று ஒன்று இருந்தது. தனி உரிமம் இல்லாத மதுக்கூடத்தில் ஆட்கள் நடனமாடினால் கடைக்கு அபராதம். 1990-களின் பிற்பகுதியில் மேயர் ஜூலியானியின் நிர்வாகம் அதைக் கண்டிப்பாக அமல்படுத்தியது. (2017-இல்தான் சட்டம் நீக்கப்பட்டது.) அதோடு, இண்டி ராக் கச்சேரிகளில் கைகளைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்பதே மரியாதை என்ற பழக்கமும் ஊறிப்போயிருந்தது. ஆடவே கூச்சப்பட்ட அந்தக் கூட்டத்தை இந்த ஒரு பாட்டு அசைத்தது. லண்டனில் டிஜே எரோல் ஆல்கன் திங்கள்தோறும் நடத்திய ‘டிராஷ்’ போன்ற இரவுகளில் ராக் கேட்பவர்களும் எலக்ட்ரானிக் கேட்பவர்களும் ஒரே தளத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இப்படியொரு பாட்டு தேவைப்பட்டது.

மூன்றாவது, தயாரிப்பாளர்களின் சேர்க்கை. மர்ஃபி இண்டி ராக் உலகின் ஒலிப்பொறியாளர். கோல்ட்ஸ்வொர்தி பிரிட்டனில் ‘அங்கிள்’ குழுவில் வேலை பார்த்தவர், சாம்பிள், கணினித் தொகுப்பு தெரிந்தவர். டேவிட் ஹோம்ஸின் ஆல்பத்துக்காக நியூயார்க்கில் சந்தித்த இருவரும் சேர்ந்தே தொழிலைத் தொடங்கினார்கள். உண்மையான டிரம்ஸை நெருக்கமாகப் பதிவுசெய்து, நடனப் பாட்டுக்குரிய பொறுமையோடு அடுக்குவது அவர்கள் கைப்பக்குவம்.

இது உண்மையிலேயே முதல் ஆல்பமா?

நடைமுறையில் ஆம், பட்டியலில் இல்லை. 1999-இல் ‘மிரர்’ என்ற சிறு ஆல்பம் கிராவிட்டி நிறுவனத்திலும், 2001-இல் ‘அவுட் ஆஃப் தி ரேசஸ் அண்ட் ஆன்டு தி டிராக்ஸ்’ என்ற குறுந்தொகுப்பு சப் பாப் நிறுவனத்திலும் வந்தன. இரண்டையும் அப்போது சிறு வட்டமே கேட்டது. பெரிய நிறுவனம் வழியாக வந்த முதல் முழுநீள ஆல்பம் ‘எக்கோஸ்’ என்பதால் பத்திரிகைகள் பலவும் அறிமுக ஆல்பத்துக்குரிய எடையை அதற்குக் கொடுத்தன.

இந்த வேறுபாடு கேட்பதற்கும் உதவும். ‘எக்கோஸ்’ஸின் முதல் பாடலான ‘ஓலியோ’வுக்கு ‘மிரர்’ தொகுப்பில் பழைய வடிவம் ஒன்று உண்டு. இரண்டையும் அடுத்தடுத்து போட்டுப் பாருங்கள். நான்கு ஆண்டுகளில் கிடார் பின்வாங்கி மின்தாளமும் சிந்தசைசரும் முன்னே வந்திருப்பது உடனே கேட்கும். டி.எஃப்.ஏ. இந்தக் குழுவுக்கு என்ன செய்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

தனிப்பாடல் 2002-இல், ஆல்பம் 2003 இறுதியில். ஏன் இவ்வளவு இடைவெளி?

பாட்டு பிரபலமானதும் பெரிய நிறுவனங்கள் போட்டிபோட்டன. எந்த நிறுவனம், டி.எஃப்.ஏ.வின் பங்கு என்ன என்ற பேச்சுவார்த்தை நீண்டது. கடைசியில் அமெரிக்காவில் யுனிவர்சல் குடும்பத்தின் ஸ்ட்ரம்மர் வழியாக, டி.எஃப்.ஏ. பெயரும் சேர்ந்து வெளியானது.

ஆல்பத்தின் வரவேற்பைத் தீர்மானித்ததே இந்த ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுதான் என்பது எங்கள் கருத்து. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இங்கே மணியோசைக்கும் யானைக்கும் நடுவே ஊர்வலமே கடந்துபோய்விட்டது. ரேடியோ 4 குழுவின் ‘காத்தம்!’ 2002-இலேயே வந்துவிட்டது; அதற்கும் தயாரிப்பு டி.எஃப்.ஏ.தான். மர்ஃபி தன் எல்.சி.டி. சவுண்ட்சிஸ்டம் பெயரில் ‘லூசிங் மை எட்ஜ்’ வெளியிட்டுப் பேசப்பட்டார். சிக் சிக் சிக் குழு ஜூலியானியைக் குறித்தே ஒரு நீண்ட நடனப்பாட்டு போட்டது. ‘எக்கோஸ்’ கைக்கு வந்தபோது அந்த ஒலி புதுமையாக இல்லை. நிரூபித்துக் காட்ட வேண்டிய நிலைக்கு அது வந்திருந்தது.

இன்னொன்று: கடைக்கு வருவதற்கு முன்பே ஆல்பம் இணையத்தில் கசிந்தது. அக்காலத்தில் கைமாறிய கோப்புகள் பெரும்பாலும் 128 கிலோபிட் எம்பி3. அந்த அளவுக்குச் சுருக்கினால் முதலில் கெடுவது ஹை-ஹேட்தான்; கூர்மையான ‘ச்ஸ்’ ஒலி தண்ணீருக்குள் கேட்பதுபோலக் குழையும். ஹை-ஹேட்டில் நிற்கும் இசைக்கு இதைவிடக் கெட்ட அறிமுகம் கிடையாது.

விமர்சகர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்?

பெரும்பான்மை பாராட்டு. உச்சம் சிகாகோவிலிருந்து இயங்கிய பிட்ச்ஃபோர்க் என்ற இணைய இசை இதழ்: அதன் நிறுவனர் ரயன் ஷ்ரைபரே எழுதி 10-க்கு 9.0 கொடுத்தார். கச்சேரியில் ஆடாமல் நின்று மற்றவர்களை ஏளனமாகப் பார்ப்பவர்களை நோக்கி நேராகப் பேசிய விமர்சனம் அது. ஆண்டு முடிவில் 2003-இன் சிறந்த ஆல்பங்கள் பட்டியலில் அதே இதழ் ‘எக்கோஸ்’ஸை முதலிடத்தில் வைத்தது. நியூயார்க்கின் வில்லேஜ் வாய்ஸ் வார இதழ் நூற்றுக்கணக்கான விமர்சகர்களிடம் எடுத்த வாக்கெடுப்பில் அந்த ஆண்டு முதலிடம் அவுட்காஸ்ட் என்ற ஹிப்-ஹாப் ஜோடியின் இரட்டை ஆல்பத்துக்குப் போனது. ஒரு இதழின் ஆசிரியர் குழு ஒரு புது அலையை முன்னெடுக்க நினைப்பதற்கும், நாடெங்கும் உள்ள விமர்சகர்களின் கூட்டுக்கணக்குக்கும் உள்ள இடைவெளி இந்த இரண்டு பட்டியல்களில் தெரிகிறது.

பாராட்டியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னவை: தாளத்தின் கட்டு, டி.எஃப்.ஏ.வின் ஒலிப்பதிவு, ஒரே ஆல்பத்தில் ஹவுஸும் பங்கும் மெதுவான பாடல்களும் இருக்கும் துணிச்சல்.

குறை சொன்னவர்கள் சுட்டியவை நான்கு: பழைய குழுக்களின் சாயல், ஜென்னரின் குரல், மெலிந்த பாடல்வரிகள், ஒன்றுக்கொன்று ஒட்டாத பாடல்கள். வரிகளைப் பற்றிய குறை நியாயமானது. பல பாடல்களில் ஒரே சொற்றொடர் சுற்றிச்சுற்றி வருகிறது. ‘ஹெவன்’ எண்களை எண்ணித்தான் தொடங்குகிறது. நடனத்தளத்தில் அது வேலை செய்யும், தாளில் எழுதிப் படித்தால் நிற்காது. மற்ற மூன்றையும் அப்படியே ஒப்புக்கொள்ள முடியாது.

பழைய குழுக்களின் நகல் என்கிறார்களே?

சாயல் உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. வெட்டிப்போகும் கிடாருக்கு கேங் ஆஃப் ஃபோர் 1979-இல் வெளியிட்ட ‘என்டர்டெய்ன்மென்ட்!’; ‘எக்கோஸ்’ தலைப்புப் பாடலில் உள்ள உலோகத் தன்மைக்கு அதே ஆண்டின் பப்ளிக் இமேஜ் லிமிடெட்; தாளம் முன்னே நிற்கும் முறைக்கு நியூயார்க்கின் லிக்விட் லிக்விட், ஈ.எஸ்.ஜி.; குரலுக்கு தி க்யூர் குழுவின் ராபர்ட் ஸ்மித். இவற்றைக் கேட்ட காது உடனே கண்டுபிடித்துவிடும்.

ஆனால் கேங் ஆஃப் ஃபோர் வறண்டது, அறிவால் இயங்குவது. சந்தையையும் காதலையும் தள்ளி நின்று ஆராய்வது. ஜென்னர் தள்ளி நிற்பதே இல்லை. ‘ஐ நீட் யுவர் லவ்’ பாட்டில் அவர் கெஞ்சுகிறார், கீழே ஹவுஸ் தாளம் ஓடுகிறது, நடுவே சாக்ஸஃபோன் நுழைகிறது. 1979-இன் பிரிட்டிஷ் குழு எதுவும் இப்படி உருகியதில்லை. வாங்கிய கருவியை வைத்து வேறு வேலை செய்திருக்கிறார்கள். பழைய குழுக்களுக்கும் இந்த அலையால் நன்மை வந்தது: கேங் ஆஃப் ஃபோரின் மூல உறுப்பினர்கள் 2004-இல் மீண்டும் சேர்ந்தார்கள்.

ரசிகர்கள் ஏன் இரண்டாகப் பிரிந்தார்கள்?

தனிப்பாடலை வைத்து ஆல்பத்தை அளந்ததால். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு இந்த ஆல்பத்தில் பொய்த்துப்போகும்.

வரிசையைப் பாருங்கள். முதலில் ‘ஓலியோ’: சிந்தசைசர், ஹவுஸ் சாயல், ஏக்கக் குரல். அடுத்து ‘ஹெவன்’: முரட்டுப் பங்க். மூன்றாவதாக ‘ஓபன் அப் யுவர் ஹார்ட்’: ஆட்டத்தை முழுதாக நிறுத்தும் மெதுவான பாட்டு. நான்காவது ‘ஐ நீட் யுவர் லவ்’, ஐந்தாவது பதற்றமான ‘தி கமிங் ஆஃப் ஸ்பிரிங்’. எல்லோரும் காத்திருந்த ‘ஹவுஸ் ஆஃப் ஜெலஸ் லவ்வர்ஸ்’ ஆறாவது இடத்தில்தான் வருகிறது. நடனத்துக்காக வந்தவர் மூன்றாவது பாட்டிலேயே எழுந்துபோனார். பங்க் கேட்க வந்தவருக்கு முதல் பாட்டே அந்நியம். டி.எஃப்.ஏ.வின் தட்டுகளை வாங்கிவந்த டிஜேக்குக் கடைசிப் பாடலான ‘இன்ஃபேச்சுவேஷன்’ எதற்கும் பயன்படாது. கசிந்த கோப்புகளைத் தனித்தனியாக இறக்கிக் கேட்டவர்களுக்கோ வரிசை என்பதே இல்லை.

பிட்ச்ஃபோர்க்கின் முதலிடம் பிரிவைக் கூட்டியது. பட்டியலைப் பார்த்து வாங்கியவர்கள் ‘ஆண்டின் சிறந்த ஆல்பம்’ என்ற அளவுகோலோடு உட்கார்ந்தார்கள். அந்த மனநிலையில் கேட்டால் எந்தக் குறையும் இரண்டு மடங்காகத்தான் தெரியும்.

எங்கள் தீர்ப்பு: இதன் பலம் மெதுவான பாடல்களில் இருக்கிறது. இரண்டு வேகமான பாட்டுகளுக்கு நடுவே ‘ஓபன் அப் யுவர் ஹார்ட்’ வரும்போதுதான், மற்ற பாடல்களில் உள்ள கத்தல் கொண்டாட்டத்தால் வந்ததல்ல, தவிப்பால் வந்தது என்று புரிகிறது. அதை நிரப்பல் என்று ஒதுக்கிய விமர்சனங்கள் ஆல்பத்தின் உயிர்நாடியைத் தவறவிட்டன. பலவீனமான இடம் வேறு: ஏழு முதல் பத்துவரையான பகுதி. ஒவ்வொரு பாட்டும் தனியே நன்றாக இருந்தாலும் ஆறாவது பாட்டின் உச்சத்துக்குப் பிறகு அவற்றால் மேலே ஏற முடியவில்லை. அந்தப் பாட்டை ஒன்பதாவது இடத்துக்குத் தள்ளியிருந்தால் இறக்கம் இவ்வளவு நீண்டிருக்காது.

விற்பனை எப்படி?

புகழுக்கு ஏற்றபடி இல்லை. பிரிட்டனில் ஆல்பம் முதல் 40-க்குள் நுழைந்தது, தனிப்பாடல் முதல் 30-க்குள் வந்தது. அமெரிக்காவில் பில்போர்டு 200 என்ற ஆல்பம் விற்பனைப் பட்டியலின் மேல்பாதிக்குப் போகவில்லை. அப்போது ஸ்ட்ரீமிங் கணக்கு கிடையாது. ஆப்பிளின் பாட்டுக்கடையே 2003 ஏப்ரலில்தான் திறந்தது. கோப்பாக ஏற்கெனவே கேட்டு முடித்தவர்கள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. சில மாதங்களில் ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்ட் குழு இதே நடனத் தாளத்தோடு, எல்லோரும் சேர்ந்து பாடக்கூடிய மெட்டுகளைப் போட்டு ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கு பிரிட்டனில் தரப்படும் மெர்க்குரி பரிசை 2004-இல் வென்றது. ராப்ச்சர் திறந்த கதவில் மற்றவர்கள் நுழைந்தார்கள்.

குரல் பிடிக்கவில்லை. ஆல்பத்தை விட்டுவிடலாமா?

உடனே விட வேண்டாம். ஜென்னர் சுருதியின் விளிம்பில், சில சமயம் அதைத் தாண்டியும் பாடுகிறார். வால்யூம் குறைவாக இருக்கும்போது குரல் மட்டும் முன்னே வந்து காதைக் கீறும். மனிதக் காது குறைந்த வால்யூமில் கீழ்ஸ்தாயியை அதிகம் இழக்கும். நடுஸ்தாயியில் இருக்கும் குரல் அப்படியே நிற்கும். வால்யூமைச் சற்றுக் கூட்டினால் பேஸும் கிக்கும் எழுந்து குரலைத் தாங்கிக்கொள்ளும். அப்படியும் ஒத்துவராவிட்டால் மறுகலவையிலிருந்து தொடங்குங்கள். மார்கன் கைஸ்ட் வடிவத்தில் தாளத்தின் ஆட்சி அதிகம்.

முதல்முறை கேட்பவர் எப்படித் தொடங்குவது?

மூன்று அமர்வுகள் போதும்.

முதல் அமர்வில் ‘ஹவுஸ் ஆஃப் ஜெலஸ் லவ்வர்ஸ்’ மட்டும், நான்கு முறை. ஒவ்வொரு முறையும் ஒரே கருவியைப் பின்தொடருங்கள்: முதலில் கிக், பிறகு ஹை-ஹேட், பிறகு பேஸ், கடைசியில் கௌபெல் (மாட்டுமணி போன்ற தாளக் கருவி). கௌபெல் எப்போது வருகிறது, எப்போது ஒதுங்குகிறது என்று கவனித்தால் பாட்டின் கட்டுமானம் பிடிபட்டுவிடும். நடனப் பாட்டில் பல்லவி, சரணத்தைவிட ‘இப்போது எந்த அடுக்கு சேர்ந்தது, எது விலகியது’ என்பதுதான் முக்கியம்.

இரண்டாவது அமர்வில் முதல் ஆறு பாடல்கள், இடைவிடாமல். ஷஃபிளை அணையுங்கள். ஆப்பில் ஒரு பாட்டு தேய்ந்து அடுத்தது கலக்கும் கிராஸ்ஃபேட் வசதி இருந்தால் அதையும் அணையுங்கள். பாட்டுகளுக்கு நடுவே உள்ள திடீர் வெட்டும் இந்த ஆல்பத்தின் அனுபவத்தில் ஒரு பங்கு. மெதுவான மூன்றாவது பாட்டைக் கேட்காமல் அடுத்ததுக்குத் தாவக் கூடாது.

மூன்றாவது அமர்வில் முழு ஆல்பம், முக்கால் மணி நேரம் போல. முடிந்தால் நின்றுகொண்டு கேளுங்கள். இந்த இசையை உட்கார்ந்து மதிப்பிட்டதுதான் அன்று பலர் செய்த பிழை.

கேட்கும்போது சப்பென்று இருக்கிறது. எங்கே தவறு?

பெரும்பாலும் கருவியில். பேஸ் கிடாரின் கீழ்த்தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. போன் ஸ்பீக்கர் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. எஞ்சுவது கிடாரும் கத்தலும்தான், சப்பென்று இல்லாமல் எப்படி இருக்கும்? இயர்பட் வைத்தும் அப்படி இருந்தால் ரப்பர் முனையின் அளவைப் பாருங்கள். காதுக்குள் சரியாக அடையாவிட்டால் முதலில் கசிவது பேஸ். பெரிய அளவு முனையை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

எதிர்த் தவறும் உண்டு. ‘பேஸ் பூஸ்ட்’ போட்டால் கிக்கும் பேஸும் ஒன்றோடொன்று குழைந்து தாளத்தின் விளிம்பு மழுங்கும். இரண்டும் மாறிமாறி இடம்விட்டு ஓடுவதுதான் இந்த இசையின் அழகு. ஈக்வலைசரைச் சமமாக வையுங்கள்.

அன்றைய விமர்சனங்களைப் படிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் தேதி. ஆண்டு முடிவுப் பட்டியலுக்கு முன் எழுதியதா, பின் எழுதியதா? பின் எழுதியவற்றில் பல, ஆல்பத்தோடு சேர்த்துப் பிட்ச்ஃபோர்க்கோடும் வாதாடுகின்றன. அடுத்து, எழுதியவர் எந்தப் பக்கத்தவர் என்று பாருங்கள். ராக் இதழ் கிடாரைத் தேடும், நடன இசை இதழ் தாளத்தின் நீளத்தைத் தேடும். மதிப்பெண்ணைவிட எந்தப் பாடல்களைப் பெயர்சொல்லிப் பேசுகிறார்கள் என்பது முக்கியம். தனிப்பாடலைத் தவிர வேறு பெயரே இல்லையென்றால் அந்தக் கருத்துக்கு எடை குறைவு. மெட்டாக்ரிட்டிக் போன்ற திரட்டிகள் நட்சத்திரம், எழுத்து, எண் எல்லாவற்றையும் 100-க்கு மாற்றி, சில இதழ்களுக்குக் கூடுதல் எடை கொடுத்துச் சராசரி எடுக்கின்றன. பிரிந்து நின்ற கருத்துகள் அங்கே ஒரே நடுத்தர எண்ணாகச் சுருங்கிவிடும்.

குழு பிறகு என்ன ஆனது?

2006-இல் ‘பீசஸ் ஆஃப் தி பீப்பிள் வி லவ்’, வேறு தயாரிப்பாளர்களோடு, இன்னும் பளபளப்பாக. பிறகு மேட்டி சேஃபர் விலகினார். 2011-இல் டி.எஃப்.ஏ.வுக்கே திரும்பி, ஃபிலிப் ஸ்டார் (Philippe Zdar) தயாரிப்பில் ‘இன் தி கிரேஸ் ஆஃப் யுவர் லவ்’. 2014-இல் கலைந்து 2019-இல் மீண்டும் மேடையேறினார்கள். ‘எக்கோஸ்’ தலைப்புப் பாடல், 2009-இல் தொடங்கிய ‘மிஸ்ஃபிட்ஸ்’ என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரின் முகப்பு இசையானது. ஆல்பத்தின் சர்ச்சை எதுவும் தெரியாத ஒரு தலைமுறைக்கு அறிமுகமே அதன் வழியாகத்தான்.

இது பிடித்தால் அடுத்து எதைக் கேட்கலாம்?

தாளம் பிடித்திருந்தால் எல்.சி.டி. சவுண்ட்சிஸ்டத்தின் 2005 அறிமுக ஆல்பம். அதே தயாரிப்பாளர்கள் எவ்வளவு பொறுமையாக அடுக்குகிறார்கள் என்று கேட்கலாம். கிடாரின் கூர்மை பிடித்திருந்தால் ‘என்டர்டெய்ன்மென்ட்!’. உருக்கமும் வேகமும் சேர்ந்து வேண்டுமென்றால் ப்ளாக் பார்ட்டியின் ‘சைலன்ட் அலார்ம்’, 2005. ‘ஓபன் அப் யுவர் ஹார்ட்’தான் மனதில் நின்றது என்றால் நேராக 2011 ஆல்பத்துக்குப் போங்கள், அந்தப் பாட்டில் ஜென்னர் தொடங்கியது அங்கேதான் வளர்ந்திருக்கிறது.